ஒரு மேசை போதும்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பினாங்கில் கண்டுபிடிப்பு, கைவினைத் திருவிழா ஒன்று நடக்கிறது. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. மாமியாரையும் அழைத்துப் போகலாமா, அக்கா? அவருக்குச் சலிப்பாக இருக்காதா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மாமியாரைத்தான் முதலில் காரில் ஏற்ற வேண்டும், தங்கச்சி!

போன வருடம் இப்படி ஒரு விழாவுக்குக் கிளம்பியபோது என் மருமகளும் இதையேதான் கேட்டாள். பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கிய பிறகு எத்தனையோ பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறினோம். நான் 26 வருடம் அங்கே சோல்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பியைத் தகட்டில் ஒட்டும் வேலை, செய்தவள். எனக்கா சலிப்பு?

காலையில் ஒரு தப்பு செய்தோம். ஏழு மேசைக்கு ஓடினோம், எதிலும் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் மட்டும் கட்டைவிரல் அளவு யானைக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உருகிய பிளாஸ்டிக்கை மயிரிழை போல அடுக்கடுக்காக ஊற்றுகிற இயந்திரம், அவ்வளவு நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பேரனுக்கு அதில் கையே படவில்லை.

அப்புறம் விளக்கு பேட்ஜ் மேசையில் உட்கார்ந்தோம். எல்.இ.டி. என்ற குட்டி விளக்கின் நீளமான கால், 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் நேர்முனையில் படவேண்டும். பேரன் மாற்றி வைத்தான், எரியவில்லை. உதவிக்கு நின்ற தம்பி கை நீட்டினார். "விடுங்க தம்பி" என்றேன். இரண்டு நிமிடம் முழித்துவிட்டு அவனே திருப்பிப் போட்டான். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் போவதே.

உங்கள் மகளை சோல்டரிங் மேசையில் விடலாம். சூட்டுக்கோலின் முனை 350 டிகிரி வரை சுடும், அதனால் கண்ணாடி போட்டு, கூந்தலைக் கட்டி உட்காரவையுங்கள். ஈயத்தை முனையில் உருக்கிச் சொட்டவிடக் கூடாது. கம்பியும் தகடும் சூடானதும் அங்கே ஈயத்தைக் காட்டினால் தானாக வழிந்து ஒட்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் சூப்பர்வைசர் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்புவார். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

சின்னவனிடம் பட்டன் பேட்டரியைத் தனியாகக் கொடுக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

மாமியார் கோலம் போடுகிறவரா? அப்படியானால் பாத்தேக் மேசை. உருகிய மெழுகைச் சாந்திங் என்ற சின்னச் செம்புக் குவளையின் மூக்கு வழியே துணியில் இழுக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெதுவாக இழுத்தால் பொட்டு விழும், வேகமாக இழுத்தால் கோடு அறும். கோலமாவும் அப்படித்தானே? நம் வயதுப் பெண்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

பசியாறிவிட்டுப் பத்து மணிக்கே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் நெரிசல். மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரனின் பேட்ஜ் இன்னும் எங்கள் சாமி மேடைப் பக்கம் தொங்குகிறது. பேட்டரி தீர்ந்து மூன்று மாதமாயிற்று, கழற்ற விடமாட்டேன் என்கிறான்.