எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு?

"பழைய வீடு, எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி.யும் வேண்டுமா? அடிக்கடி விழுந்து தொல்லை தருமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சொல்லியிருப்பார். அந்தத் 'தொல்லை'க்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்; ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச். 'விழுவது' என்றால் அப்படி அணைவதுதான்.

நான் கணக்கு வாத்தியார், எலக்ட்ரீஷியன் இல்லை. இருப்பது டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த். தென்னாப்பிரிக்காவிலிருந்து எங்களுக்கு யோசனையா என்று சீறவேண்டாம். இங்கும் அதே 230 வோல்ட்தான்.

இங்கே ஆர்.சி.சி.பி.யின் பெயர் எர்த் லீக்கேஜ். பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஒன்று சட்டப்படி கட்டாயம். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒரு தீபாவளி இரவு, நல்ல மழை. வாசலில் விளக்குச் சரம் போட்டதும் விழுந்தது. தூக்கினால் மறுபடியும் விழுந்தது. விருந்தாளிகள் வாசலில் நிற்க, அண்ணன் முறைக்க, வயரிங் தெரிந்த ஒருவரை அழைத்து "எப்படியாவது எரிய வையுங்கள்" என்றேன். அவர் ஒரு துண்டுக் கம்பியால் மின்சாரம் எர்த் லீக்கேஜைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்துவிட்டார். நானும் பணத்தைக் கொடுத்து, மறந்தும் போனேன்.

ஏழு மாதம் கழித்து, ஈரக் கையோடு அம்மா துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டார். தூக்கி எறிந்தது. பிழைத்தது அவர் புண்ணியம். பிளக் பாயிண்டில், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி எப்போதோ கழன்றிருந்தது. காப்பாற்றியிருக்க வேண்டியதையோ நான் ஊமையாக்கியிருந்தேன். 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே இல்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது: கம்பி சூடேறித் தீப்பற்றாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. ஆளைக் கொல்ல ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும், அது எம்.சி.பி.யின் கண்ணிலேயே படாது. ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. குறைந்தால் எங்கோ, ஒருவேளை உங்கள் உடல் வழியாக, கசிகிறது என்று துண்டிக்கிறது.

அதற்காக அது சர்வரோக நிவாரணி என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியையும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் அதற்குத் தெரியாது. தளர்ந்த திருகில் சூடேறித் தீப்பிடிப்பதை இரண்டுமே கவனிக்காமல் போகலாம். எங்கள் மின் பலகையைத் திறந்தபோது ஒரு முனை கருகியே கிடந்தது. ஆகவே உரிமம் பெற்றவரைக் கொண்டு எர்த், திருகுகள், கம்பியின் தடிமன் எல்லாம் பார்த்துவிட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரிசெய்த செலவில் பாதி தருவதாகச் சொன்ன அண்ணன் இன்னும் தரவில்லை. "இத்தனை வருடம் என்ன ஆகிவிட்டது?" என்கிறார், அம்மாவின் முன்னாலேயே. மறு தீபாவளிக்கும் எர்த் லீக்கேஜ் விழுந்தது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கித் தேடினேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அண்ணன் வாங்கி வந்த விளக்குச் சரம்தான் காரணம். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.