அன், இன், டிஸ்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்கு எந்த முன்னொட்டு என்பதற்கு விதி இருக்கிறதா?

கேள்வி இதுதான்: ஹேப்பிக்கு எதிர்ச்சொல் அன்ஹேப்பி, கரெக்டுக்கு இன்கரெக்ட், ஹானஸ்டுக்கு டிஸ்ஹானஸ்ட். இதற்கு விதி உண்டா, மனப்பாடம்தான் வழியா?

பாதிக்கு விதி உண்டு. மீதியைச் சொல்லின் பூர்வீகம் தீர்மானிக்கிறது.

அன் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. இன் லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, ஒட்டிய சொற்களோடு சேர்ந்தே வந்து இறங்கியது. அதனால்தான் அன் இன்றும் புதுச் சொல் பிறப்பிக்கிறது. இன் அநேகமாக ஓய்ந்துவிட்டது. கூல் என்பதற்கு அன்கூல்தான் வந்தது, இன்கூல் வரவில்லை. சொல்லின் கடைசியில் இ-டி அல்லது ஐ-என்-ஜி எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் அன் போடலாம்: அன்இன்வைட்டட், அன்எண்டிங். ஐபிஎல்இ என்று முடிந்தால் பெரும்பாலும் இன்: இன்விசிபிள், இன்கிரெடிபிள். ஏபிஎல்இ என்று முடிந்தால் அன் பக்கம் சாயலாம், ஆனால் இன்கேப்பபிள், இன்எவிட்டபிள் போன்ற பழைய ஆட்கள் அங்கே நிறைய.

இல்லீகல், இம்பாசிபிள், இர்ரெகுலர் எல்லாம் தனித்தனி முன்னொட்டுகள் அல்ல. எல்லாம் அதே இன். பி, எம் முன்னால் இம். எல் முன்னால் இல். ஆர் முன்னால் இர். நாக்குக்குச் சௌகரியமாக ஒலி மாறியிருக்கிறது, மரம் + கள் மரங்கள் ஆவதுபோல. இந்த மாற்றம் லத்தீனிலேயே நடந்தது. அன் மாறவே மாறாது: அன்லாஃபுல், அன்ரியல், அன்பெய்ட்.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. அன்ஏபிள் சரி, அதன் பெயர்ச்சொல் இன்எபிலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். பெயர்ச்சொல் முழுதாக லத்தீன் வழியில் வந்தது. பெயரடைக்கு மட்டும் ஆங்கிலம் தன் சொந்த அன்னை ஒட்டிக்கொண்டது. இந்த நான்கு ஜோடிகளையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

டிஸ் வினைச்சொற்களோடு அதிகம் சேரும்: டிஸ்அக்ரீ, டிஸ்அப்பியர். ஒரே சொல்லில் அன், டிஸ் இரண்டும் ஒட்டினால் பொருள் வேறாகும். அன்இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் கவனமான எழுத்தில் பாரபட்சமில்லாதவர். நீதிபதிக்கு இருக்கவேண்டிய குணம். நான் (என்-ஓ-என்) என்ற முன்னொட்டு வெறும் வகைப்பாடு, அன் குறை சொல்லும்: நான்புரொஃபஷனல் என்றால் அந்தத் தொழிலில் இல்லாதவர், அன்புரொஃபஷனல் என்றால் தொழிலுக்கு அழகில்லாமல் நடந்துகொண்டவர்.

வினைச்சொல்லில் வரும் அன் வேறு ஆள். அது "இல்லை" என்று சொல்லாது, செய்ததைத் திருப்பும்: அன்லாக், அன்டை. அதனால் அன்லாக்கபிள் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். அன் + லாக்கபிள் என்று பிரித்தால் பூட்ட முடியாதது. அன்லாக் + ஏபிள் என்று பிரித்தால் திறக்க முடிவது.

இன் என்றாலே எதிர்மறை என்று நம்பிவிடவும் கூடாது. இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கக்கூடியது! அந்த இன் "உள்ளே" என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் முன்னொட்டு. எதிர்மறை என்று நினைத்து யாராவது பக்கத்தில் தீக்குச்சி கிழித்துவிட்டால் ஆபத்து. அதனால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்று எழுதுவதையே இப்போது விரும்புகிறார்கள்.

முன்னொட்டு ஸ்பெல்லிங்குக்கு ஒரே விதி: இரண்டு துண்டையும் அப்படியே ஒட்டுங்கள், எதையும் விழுங்காதீர்கள், புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம். மிஸ் + ஸ்பெல், ஆக இரண்டு எஸ். டிஸ் + அப்பாயின்ட், ஒரே எஸ். அன் + நெசஸரி, இரண்டு என்.

பின்னொட்டில் கவனிக்கவேண்டியது நெஸ், இட்டி ஜோடி. நெஸ் ஆங்கிலத்தின் சொந்தம், ஏறக்குறைய எந்தப் பெயரடையோடும் சேரும், உச்சரிப்பு அழுத்தத்தை நகர்த்தாது. இட்டி லத்தீன் வாடிக்கையாளர். ஏபிள், ஏஎல், ஐசி, ஐவ் முடிவுகளோடு வரும். லெஸ், ஃபுல் முடிவுகளுக்குப் பின் ஒருபோதும் வராது: கேர்லெஸ்நெஸ் உண்டு, கேர்லெஸ்ஸிட்டி கிடையாது. இட்டி, ஐசி, ஷன் (டி-ஐ-ஓ-என்) மூன்றும் பெரும்பாலும் அழுத்தத்தைத் தங்களுக்கு முந்தைய அசைக்கு இழுத்துவிடும். ஆக்டிவ் என்பதில் அழுத்தம் "ஆக்"கில், ஆக்டிவிட்டியில் "டி"யில். எலக்ட்ரிக் என்பதில் "லெக்"கில். எலக்ட்ரிசிட்டியில் "ரி"யில், கூடவே "க்" ஒலியும் "ஸ்" ஆகிவிடுகிறது. ஃபோட்டோகிராஃபுக்கு முதல் அசை, ஃபோட்டோகிராஃபிக்கு இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்குக்கு மூன்றாவது. உச்சரிப்பில் தடுமாறுபவர்களுக்கு இந்த ஒரு விதியே பெரிய உதவி.

புதுச் சொற்கள் எல்லாம் ஒட்டுவதால் மட்டும் வருவதில்லை. வெட்டுவது (இன்ஃப்ளுயன்ஸாவிலிருந்து ஃப்ளூ), கலப்பது (ஸ்மோக் + ஃபாக் = ஸ்மாக்), பெயரை அப்படியே வினையாக்குவது (கூகுள்) என்று வேறு வழிகளும் உண்டு. எனக்குப் பிடித்தது தப்பாக வெட்டுவது. ஹெலிகாப்டரின் உண்மையான கூறுகள் கிரேக்கத்தின் ஹெலிகோ (சுருள்), ப்டெரான் (இறக்கை). ஆங்கிலேயர் காதில் அது ஹெலி + காப்டர் என்று விழுந்தது; அந்த ஹெலியிலிருந்துதான் ஹெலிபோர்ட் வந்தது. எடிட்டர் முதலில் இருந்தது, எடிட் பிறகுதான் வெட்டி எடுக்கப்பட்டது. லேசர் என்பது ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துகளைக் கோத்தது. கடைசி ஆர் ரேடியேஷனுக்கு உரியது. இயற்பியல்காரர்கள் அந்த முடிவை டீச்சர், சிங்கர் மாதிரி எண்ணிக் கழற்றிவிட்டு, லேஸ் என்று ஒரு வினைச்சொல்லையே புழக்கத்தில் விட்டுவிட்டார்கள்.