மக்கள்தொகையை விட மெட்ரோ பயணம் வேகமாகக் கூடுவது எப்படி?

ஊரின் மக்கள்தொகை எவ்வளவு கூடியது, பேருந்து, ரயிலில் எத்தனை பயணங்கள் கூடின என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஒப்பீடு. சென்னை மெட்ரோவில் 2022இல் சுமார் 6.09 கோடிப் பயணங்கள், 2023இல் 9.11 கோடி. ஒரே வருடத்தில் சென்னையின் மக்கள்தொகை பாதி கூடிவிடவில்லையே! ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள்தான் பைக்கை நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். (2022 தொடக்கத்தில் கொரோனா கட்டுப்பாடுகள் இருந்ததும் ஒரு காரணம்.)

தெருமுனைக் கடையில் டீ நன்றாக இருந்தால், தெருவில் புது வீடு வராமலே வியாபாரம் கூடும். வீட்டில் போட்டுக் குடித்தவர்கள் கடைக்கு வருவார்கள். அதே மாதிரிதான் இதுவும்.

அப்புறம், 9.11 கோடி என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை: காலையில் ஆலந்தூரில் ஏறி மாலையில் அதே வழியில் திரும்புகிறவர் ஒருவர்தான், கணக்கில் இரண்டு.