வகுப்பெடுக்க ஆளில்லாத பள்ளியில் தொடர்ந்து படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. வணிகவியல் பட்டம் முடித்துக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். மென்பொருள் துறைக்கு வர ஆசைப்பட்டு, ஆசிரியர்களே இல்லாத ஒரு நிரலாக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ப்ராஜெக்ட் கொடுப்பார்கள். நாங்களே தேடிப் படித்து முடிக்க வேண்டும். சக மாணவர்கள்தான் மதிப்பிடுவார்கள். நான்கு வார நுழைவுச் சுற்றைத் தாண்டி, இப்போது நான்காவது மாதம். உண்மையைச் சொல்கிறேன், நண்பர் ஒருவரின் நிரலைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கொஞ்சம் மாற்றி எழுதித்தான் ப்ராஜெக்டுகளை முடிக்கிறேன். தனியாக உட்கார்ந்து எழுதும் தேர்வில் இரண்டு முறையும் பூஜ்யம். "வாத்தியார் இல்லாமல் என்ன படிப்பு?" என்கிறார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விட்டுவிட்டு வழக்கமான கல்லூரியில் சேர்ந்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதே விட வேண்டாம். ஆனால் இப்போது படிக்கிற விதத்தில் இன்னும் ஒரு மாதம்கூட ஓட்ட வேண்டாம். யாரும் கேட்காமலே நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நானும் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். இந்த வகைப் பள்ளிகளில் பெயர்பெற்றது பாரிஸில் 2013-இல் தொடங்கிய '42'. தொலைத்தொடர்புத் தொழிலதிபர் ஸேவியே நியெல் தன் பணத்தைப் போட்டு, கல்வித் துறையில் இருந்த நிக்கோலா சாதிராக் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். பட்டம் கேட்பதில்லை, கட்டணம் வாங்குவதில்லை. வளாகம் இரவும் பகலும் திறந்திருக்கும். நுழைய விரும்புகிறவர்கள் 'பிஸீன்' என்ற நான்கு வாரச் சுற்றில் சி என்ற நிரல்மொழியில் திணறித் திணறி எழுதித் தேற வேண்டும். இன்று பல நாடுகளில் 50-க்கும் மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஹோல்பர்ட்டன் பள்ளியும் இதே பாதைதான். அங்கே வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கும் ஏற்பாடு இருந்தது. எல்லாமே நிலைத்துவிடவில்லை என்பதையும் அம்மாவிடம் மறைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 2016-இல் திறந்த 42 வளாகம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆக, இது ஏமாற்று வேலையும் அல்ல, எல்லோருக்கும் பொருந்துகிற அற்புதமும் அல்ல. பலர் இப்படிப் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள், பலர் பாதியில் நின்றும் இருக்கிறார்கள்.

ஒரு நல்ல ஆசிரியர் என்னென்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். எதற்குப் பிறகு எது என்று வரிசைப்படுத்துகிறார். புரியாததை விளக்குகிறார். தவறைத் திருத்துகிறார். உங்கள் பள்ளியில் இந்த மூன்றுக்கும் ஆள் இருக்கிறது. வரிசையை ப்ராஜெக்டுகள் பார்த்துக்கொள்கின்றன. விளக்கம் பக்கத்து இருக்கையிலிருந்து வருகிறது. திருத்தத்தை மதிப்பீட்டு மென்பொருளும் சக மாணவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் ஆசிரியர் சத்தமில்லாமல் செய்கிற இன்னொரு வேலை உண்டு. கடைசி வரிசையில் ஒரு பெண் சில வாரங்களாக முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள், தலையாட்டுகிறாள், ஆனால் பாடம் உள்ளே போகவில்லை என்பதை அவர் பார்த்துவிடுவார். அதைப் பார்க்க உங்கள் பள்ளியில் யாருமில்லை. நீங்கள் வழுக்கியது அங்கேதான். உங்களுக்குத் திறமை இல்லை என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

வழுக்கல் எப்படி நடக்கிறது என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். எழுத்துச் சரம் (ஸ்ட்ரிங்) ஒன்றை நகலெடுக்கும் செயற்கூறை (ஃபங்க்ஷன்) நீங்களும் எழுதியிருப்பீர்கள். சி மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி. 'ஹலோ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. நினைவகத்தில் கேட்க வேண்டியதோ ஆறு பைட், ஏனென்றால் சரம் இங்கே முடிகிறது என்று காட்டும் பூஜ்யத்துக்கும் ஓர் இடம் வேண்டும். நண்பரின் நிரலில், நினைவகத்தில் இடம் கேட்கும் மால்லாக் வரியில் 'நீளம் கூட்டல் ஒன்று' என்று இருக்கும். படிக்கும்போது "ஆமாம், சரிதானே" என்று கண் தாண்டிப் போய்விடும். தேர்வில் தனியாக எழுதும்போது அந்தக் 'கூட்டல் ஒன்று' வராது. அதைவிடக் கொடுமை, அது இல்லாமலும் நிரல் பெரும்பாலும் ஓடிவிடும். கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே இடம் கிடைப்பதால் தவறு அந்த நேரத்தில் தெரியாது. பிறகு சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் நிரல் செத்து விழும். நினைவகத் தவறுகளைக் காட்டித்தரும் வால்கிரைண்ட் கருவியைப் போட்டுப் பார்த்து, ஒரு பைட் வெளியே எழுதியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து, ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு அந்தக் 'கூட்டல் ஒன்று' ஏன் வருகிறது என்பது மறக்காது. உங்கள் நண்பர் அந்த மாலையைக் கடந்தவர். நீங்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது விடையை மட்டும்.

சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளிடம் நிரலை எழுதி வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். தேர்வறையில் இணையமும் இல்லை, நண்பரும் இல்லை.

அதற்காக நண்பரின் நிரலைப் பார்ப்பதே பாவம் என்று சொல்ல மாட்டேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை ஒன்று கல்வி வட்டாரத்தில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. வழிகாட்டுதல் குறைவாக இருந்தால் புதிதாகப் படிக்கிறவர்களின் மூளை பாரம் தாங்காமல் திணறும், செய்து முடித்த உதாரணங்களைப் படிப்பது அவர்களுக்கு உதவும் என்பது அவர்கள் வாதம். உங்கள் மாதிரிப் பள்ளிகளின் பலவீனம் அதுதான் என்று நானும் நினைக்கிறேன். எனவே உதாரணங்களைத் தாராளமாகப் படியுங்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் முதல் வாரத்துக்குப் பிறகு வரும் சில வாரங்கள் சி மொழியில்தான். வகுப்பில்லாத பள்ளியில் சேர்ந்தவர் வகுப்பே கேட்கக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை.

படித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிரலை மூடிவிடுங்கள். எழுந்து போய் வேறு வேலை பாருங்கள். அரை மணி கழித்து வெற்றுக் கோப்பைத் திறந்து எழுதுங்கள். நின்றுவிட்டால் உடனே நண்பரின் கோப்பைத் திறக்காமல், எங்கே நின்றீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். "சரம் முடிந்தது என்று சுழற்சிக்கு (லூப்) எப்படித் தெரியும்?" என்ற அளவுக்குக் கேள்வி கூர்மையாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அந்த ஒரு பதிலை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். எழுதி முடித்ததை அழித்துவிட்டு மறுநாள் காலை இன்னொரு முறை. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தேர்வில் கேட்கப்போவது இதைத்தான்.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளியின் உயிர்நாடியே அதுதான், அதை ஒரு சடங்காகக் கடந்துவருகிறீர்கள். 42-இல் ஏமாற்றிச் சமர்ப்பித்தது தெரிந்தால் மதிப்பெண் மைனஸ் 42. விளக்கத் தெரியாத நிரலைச் சமர்ப்பிப்பதை அந்த அளவுக்கு அவர்கள் பெரிய தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை மதிப்பிட வருகிறவரிடம் நீங்களே கேளுங்கள்: "இதில் ஏதாவது ஒரு செயற்கூறை அழித்துவிடுங்கள், உங்கள் கண்ணெதிரே திரும்ப எழுதுகிறேன்." முடியவில்லையென்றால் ஃபெயில் போடச் சொல்லுங்கள். ப்ராஜெக்டை மறுபடி செய்யலாம், அதில் எந்த அவமானமும் இல்லை. அதேபோல, நீங்கள் தேறிய ப்ராஜெக்டுகளை மற்றவர்கள் செய்யும்போது மதிப்பிடப் போங்கள். ஒரே கணக்கைப் பலர் பல விதமாகப் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். "அந்தக் கூட்டல் ஒன்று எதற்கு?" என்று கேட்கிற இடத்தில் உட்கார்ந்தால், பதில் தெரியாமல் கேட்க முடியாது.

நண்பரிடமும் பேசிவிடுங்கள். "இனிமேல் காட்டாதே, என்னைக் கேள்வி கேள்" என்று சொன்னால் நல்ல நண்பர் புரிந்துகொள்வார்.

இனி, வாடிய முகத்தைக் கவனிக்கிற அந்த ஆளில்லாத வேலை. அதற்கு நீங்களே ஆள் பிடிக்க வேண்டும். உங்களைவிடச் சற்று முன்னே போய்க்கொண்டிருக்கும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், அதில் இந்த நண்பர் வேண்டாம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், அரை மணி நேரம். அந்த வாரம் யார் துணையும் இல்லாமல் எழுதியதை மட்டும் அவர்களிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லாத வாரமும் வரும். அன்றைக்குக் கட்டாயம் போய், ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். அதோடு, வகுப்பெடுக்காவிட்டாலும் பள்ளியை நடத்தும் குழு ஒன்று இருக்கும். அவர்களிடம் போய் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். நீங்களாகப் போகாமல் அவர்கள் வரமாட்டார்கள்.

"யாரும் சொல்லித்தராததால் எதுவும் கற்கவில்லை" என்ற எண்ணத்தை முழுதாக நம்பவும் வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் லூயி டெலோரியே குழுவினர் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. ஆசிரியர் இருந்த வகுப்பிலேயே, விரிவுரை கேட்பதற்குப் பதில் குழுவாக முட்டிமோதிக் கணக்குப் போட்டவர்கள் பரீட்சையில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் கற்றது குறைவு என்றே நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நேர்மாறாகத் தோன்றியது. எனவே மனசில் தோன்றுவதை அளவுகோலாக வைக்காதீர்கள். தேர்வில் வாங்கிய பூஜ்யம் அளவுகோல்தான், அதை மட்டும் கவனியுங்கள்.

இரண்டு மாதம் இப்படிச் செய்துவிட்டு மறுபடி தேர்வு எழுதுங்கள். பூஜ்யம் கொஞ்சம் நகர்ந்தாலும் தொடருங்கள். நேர்மையாகச் செய்தும் அசையவில்லையென்றால் கல்லூரிக்குப் போங்கள், தயங்க வேண்டாம். கால அட்டவணையும் எதிரே நின்று சொல்லித்தரும் ஒருவரும் இருந்தால்தான் சிலருக்குப் படிப்பு ஓடும். அது குறையே அல்ல. கையில் ஒரு பட்டம் ஏற்கெனவே இருப்பதால், பட்டம் கேட்கிற நிறுவனங்களின் முதல் வாசல் உங்களுக்கு அவ்வளவாக அடைபடாது. மேற்படிப்போ வெளிநாட்டு வேலை அனுமதியோ மனதில் இருந்தால் மட்டும், இந்தப் பள்ளி தரும் சான்றிதழுக்கு அங்கே மதிப்பு உண்டா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவிடமும் இந்த இரண்டு மாதக் கெடுவைச் சொல்லுங்கள். தேர்வு எந்த நாளில் என்பதையும் சொல்லிவிடுங்கள்.