கண்ணருகே வளரும் லிம்ஃபோமா: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தாயாரின் கீழிமையின் உட்புறத்தில், வலியோ உறுத்தலோ இல்லாத இளஞ்சிவப்புத் திட்டு ஒன்று பல மாதங்களாக இருந்தது. திசுப் பரிசோதனையில் அது 'மால்ட் லிம்ஃபோமா' என்ற ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. உடலின் சொந்தப் பொருள்களே இதைத் தூண்டியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். அது எப்படி?

பதில்: கண்ணைச் சுற்றியுள்ள திசுக்களில் தோன்றும் லிம்ஃபோமாக்களில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான், பெரும்பாலும் மெதுவாக வளரக்கூடியது. இது 'பி செல்' என்னும் வெள்ளையணுக்களிலிருந்து உருவாகிறது. ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் அதற்கே உரிய ஏற்பி ஒன்று உண்டு. மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து இந்த ஏற்பிகள் உருவாக்கப்படுவதால், நம் உடலின் பொருள்களையே பற்றிக்கொள்ளும் சிலவும் உருவாகிவிடுகின்றன. அவற்றைத் தாங்கிய செல்களில் பெரும்பாலானவற்றை உடல் அழித்துவிடும் அல்லது அடக்கி வைக்கும்; ஆனாலும் சில தப்பிவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் கிருமி ஒருநாள் ஒழிந்துவிடும், சுய ஆன்டிஜெனோ (ஏற்பி பற்றிக்கொள்ளும் உடலின் சொந்தப் பொருள்) ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை. ஆகவே அதைப் பற்றிக்கொண்ட செல்லுக்குப் 'பிழைத்திரு, பெருகு' என்ற சமிக்ஞை ஓயாமல் கிடைக்கிறது. பெருகும்போது மரபணுப் பிழைகள் சேர்கின்றன. அந்தச் சமிக்ஞையை அடக்கும் ஏ20 என்ற புரதத்தின் மரபணு, இக்கட்டிகள் சிலவற்றில் இழக்கப்பட்டிருக்கிறது.

இதற்குச் சான்று கட்டிக்குள்ளேயே இருக்கிறது. கட்டியின் செல்கள் அனைத்தும் ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் என்பதால், எல்லாவற்றிலும் ஒரே ஏற்பிதான் இருக்கும்; அதன் மரபணுவைப் படித்தறிய முடியும். அப்படிப் படித்தபோது, கண்பகுதி மால்ட் லிம்ஃபோமாக்களில் 'விஹெச்4-34' என்ற மரபணுத் துண்டு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணப்பட்டது. சிவப்பணுக்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றும் ஆன்டிபாடிகளை (பி செல்கள் வெளியிடும் எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்குவது இதே துண்டுதான். குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடிகளும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. உங்கள் தாயார் செய்த எதனாலும் இது வரவில்லை என்பதை அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். 'உடம்பே எதிரியாகிவிட்டது' என்ற பேச்சு நோயாளிகளை எவ்வளவு வாட்டுகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிருமித் தொற்றே காரணம் என்று படித்தேன். ஆன்டிபயாடிக் போதாதா?

பதில்: கிருமிக்கும் பங்கு உண்டு. பறவைகளிடம் காணப்படும் 'கிளமிடியா சிட்டாசி' என்ற பாக்டீரியாவை, இக்கட்டிகளில் கண்டதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தனர். டாக்சிசைக்ளின் மாத்திரையால் சிலருக்குக் கட்டி சுருங்கியும் இருக்கிறது. ஆனால் பல நாடுகளின் நோயாளிகளிடம் இக்கிருமி அரிதாகவே தென்பட்டது. இவ்விரு காரணங்களும் முரண்படவேண்டியதில்லை என்பதை வயிற்றில் வரும் மால்ட் லிம்ஃபோமா காட்டுகிறது. அங்கே ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு எதிராகத் திரளும் 'டி செல்' என்ற வேறுவகை வெள்ளையணுக்கள் கட்டியின் பி செல்களுக்கு உதவுகின்றன. அந்தப் பி செல்களின் ஏற்பிகளோ பெரும்பாலும் சுய ஆன்டிஜென்களையே பற்றுகின்றன. கிருமியை ஒழித்தால் அந்த உதவி நின்று கட்டி சுருங்குவதை 1993 முதல் மருத்துவம் அறிந்திருக்கிறது.

சுய ஆன்டிஜெனை உடலிலிருந்து நீக்க வழியில்லை. அதனால் ஒரே இடத்தில் நிற்கும் கட்டிக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சே வழக்கமான சிகிச்சை. நோய் மீண்டும் தலைகாட்டினாலோ பரவினாலோ, ஏற்பியின் சமிக்ஞையை உள்ளே கடத்தும் 'பிடிகே' நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் உள்ளன. அவை உங்கள் தாயாருக்குத் தேவைப்படுமா என்பதை, மற்ற இடங்களில் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் முடிவுகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.