சென்னையில் 24 லட்சம், தஞ்சாவூரில் 17 லட்சம்: குறைவது உண்மையில் எவ்வளவு?

கேள்வி: சென்னையில் ஜவுளி நிறுவனம் ஒன்றில் மண்டல மேலாளராக இருக்கிறேன். சி.டி.சி., அதாவது நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 24 லட்சம். வயதான பெற்றோருக்காகக் கும்பகோணம் வந்துவிட நினைக்கிறேன். அங்கே சொந்த வீடு இருக்கிறது. தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒன்றில் பொது மேலாளர் வேலைக்கு 17 லட்சம் என்கிறார்கள். “டெல்டா ரேட் இதுதான் சார், வீட்டு வாடகைப்படியையே சட்டம் சென்னைக்கு 50 சதவீதம், மற்ற ஊருக்கு 40 என்றுதான் வைத்திருக்கிறது” என்கிறார் இந்த வேலையைப் பிடித்துத் தரும் கன்சல்டன்ட். நம்பலாமா?

பதில்: முதலில் அந்த 50, 40 கதையை முடித்துவிடுவோம். அது எந்த முதலாளியும் தர வேண்டிய படி அல்ல. பழைய வருமான வரி முறையில், வாங்கும் வாடகைப்படியில் எவ்வளவுக்கு வரிவிலக்கு கேட்கலாம் என்பதற்கான உச்சவரம்புகளில் ஒன்று, அவ்வளவுதான். புதிய வரி முறையில் அந்த விலக்கே கிடையாது. சொந்த வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கப்போகும் உங்களுக்கு எந்த முறையிலும் பயனில்லை. ஊரைப் பார்த்துப் படியே மாறுவது மத்திய அரசு ஊழியர்களுக்கு: சென்னை 30, திருச்சி 20, தஞ்சாவூர் 10 சதவீதம். அங்கும் அடிப்படைச் சம்பளம் ஊருக்கு ஊர் மாறாது. பொதுத்துறை வங்கி மேலாளர் அண்ணா சாலையிலிருந்து பாபநாசத்துக்கு மாறினாலும் ஸ்கேல் அதேதான்.

அப்புறம் ஏன் டெல்டாவில் மேலாளர் சம்பளம் குறைவு? விலைவாசி குறைவு என்பார்கள். கார் தவணையும் மருத்துவச் செலவும் கும்பகோணத்தில் பாதியாகிவிடுவதில்லை. உங்களை இழுக்க இன்னொரு முதலாளி பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். சென்னையில் நீங்கள் தெருவைக் கடந்தால் அடுத்த நிறுவனம். இங்கே உங்கள் தகுதிக்கு வேலை தரக்கூடிய கடைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அந்த முதலாளிகளுக்குள் பெரும்பாலும் பேச்சுவார்த்தையும் உண்டு. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு உருக்காலை மாதிரியான பெரிய ஆலைகள் புதிதாக வரவும் வழியில்லை. மண்ணுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. சம்பளப் பேச்சில் உங்கள் கை தாழ்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி கணக்கு. நீங்கள் அனுப்பிய விவரப்படி, சென்னை 24 லட்சத்தில் வேரியபிள் (இலக்கை எட்டினால் கிடைப்பது) 3, பி.எப். வகையறா 1.5, நிலையான சம்பளம் 19.5. தஞ்சாவூர் 17-ல் இன்சென்டிவ் 3, பி.எப்., கிராஜுவிட்டி, காப்பீடு 1.25, நிலையானது 12.75. இந்த 12.75 லட்சத்துக்கு 2025-26 முதல் புதிய முறையில் வருமான வரி ஒரு பைசா இல்லை. 19.5 லட்சத்துக்கு 1,82,000 ரூபாய் வரி. அதைக் கழித்து, சென்னையில் நீங்கள் தரும் மாதம் 28,000 வாடகையையும் கழித்தால் மிஞ்சுவது 14.32 லட்சம். ஆக, 7 லட்சம் என்று தெரிவது கையில் ஆண்டுக்கு 1.57 லட்சம், மாதம் 13 ஆயிரம்தான். கும்பகோணம், தஞ்சாவூர் என்று தினமும் காரில் போய்வந்தால் பெட்ரோலுக்கே இன்னொரு 13 ஆயிரம் ஆகும், ரயிலில் போங்கள்.

இதில் இன்சென்டிவைத் தனியாகப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 12.75-ஐத் தாண்டி ஆயிரம், இரண்டாயிரம் கூடினால் பயமில்லை. கூடிய தொகைக்கு மேல் வரி வராதபடி சலுகை உண்டு. ஆனால் 3 லட்சம் முழுதாக வந்தால் அதில் 1,09,200 ரூபாய் வரிக்கே போய்விடும். சரி, முழுதாக வருமா? உங்கள் சென்னை நிறுவனத்தில் வேரியபிளுக்கு எழுதி வைத்த ஃபார்முலா இருக்கும். இங்கே ‘விற்பனை வளர்ச்சியைப் பொறுத்து’ என்று ஒரு வரிதான் இருக்கும். டெல்டாவில் தீபாவளி ஜவுளி விற்பனை, குறுவை நெல் காசானதா என்பதைப் பார்த்துத்தான் நடக்கும். குறுவைப் பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். கர்நாடகத்தில் மழை பெய்யாததற்கு உங்கள் இன்சென்டிவ் குறைவது என்ன நியாயம்? மொத்தம் 17-ஆகவே இருக்கட்டும், அதில் 1.5 லட்சத்தை இன்சென்டிவிலிருந்து நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மீதிக்கு இலக்கு எவ்வளவு, எந்த மாதம் கணக்கு முடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதை அந்த கன்சல்டன்ட் கேட்டுத் தருவார் என்று காத்திருக்காதீர்கள். அவருக்குக் கமிஷன் முதலாளியிடமிருந்து, வழக்கமாக ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். உங்களை 17-க்கு முடித்தால் ஏறத்தாழ 1.42 லட்சம். உங்களுக்காக வாதாடி இன்னொரு லட்சம் கூட்டினால் அவருக்குக் கூடுவது 8,330 ரூபாய். அதற்காகக் கைக்கு வந்த பேரத்தைக் கலைப்பாரா? இது போதாதென்று சிலர் ‘பதிவுக் கட்டணம்’, ‘சான்றிதழ் சரிபார்ப்பு’ என்று உங்களிடமும் கறப்பார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சேரும்போது அசல் சான்றிதழையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் ‘செக்யூரிட்டிக்கு’ கேட்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மேலாளர் பதவிக்குக் கேட்க வெட்கப்பட வேண்டாமா? நகல் போதும், காசோலை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நாளைக்குச் சென்னைக்கே திரும்ப நேர்ந்தால், புதிய நிறுவனம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு 17-லிருந்துதான் பேச ஆரம்பிக்கும். வேலைக்கு என்ன சம்பளம் என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள், நம் சீட்டு மட்டும் அவர்களுக்கு வேண்டும். ஆகவே பழைய 24 லட்ச ஆர்டரையும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐயும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘முதலில் ரிசைன் பண்ணுங்க, லெட்டர் வந்துடும்’ என்று கன்சல்டன்ட் அவசரப்படுத்துவார். தொகைகளைப் பிரித்து எழுதி, முதலாளி கையெழுத்திட்ட நியமனக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள்.