டி டிரைவில் புரியாத பெயரில் ஃபோல்டர்கள்: ஃபார்மெட் செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினிக்குப் போன வருடம் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கிறது, அதுதான் இப்போது டி டிரைவ். அதைத் திறந்தால் எண்ணும் எழுத்தும் கலந்த நீளநீளமான பெயர்களில் சில ஃபோல்டர்கள் தெரிகின்றன. நாங்கள் யாரும் உருவாக்கவில்லை. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. பழைய விண்டோஸ் ஃபோல்டரும் அதிலேயே கிடக்கிறது. கடையில் காட்டினேன். வைரஸ், முழு டிஸ்க்கையும் ஃபார்மெட் செய்ய வேண்டும், 180 ரிங்கிட் ஆகும் என்றார்கள். பிள்ளைகளின் படங்களும் நான் தயாரித்த தேர்வுத் தாள்களும் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?
தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: டீச்சர், கணினியை மறுபடியும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது வைரஸ் இல்லை. விண்டோஸ் அப்டேட் வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுப் போக வேண்டிய மிச்சம். கொத்தனார் வேலையை முடித்துவிட்டுச் சாரத்தைப் பிரிக்காமல் போனது போல. அதை நீங்களே எடுத்துவிடலாம். ஃபார்மெட் தேவையில்லை, 180 ரிங்கிட்டும் தேவையில்லை.

இவை ஏன் சி டிரைவில் வராமல் டி டிரைவில் வந்தன என்று குழம்பியிருப்பீர்கள். மைக்ரோசாஃப்டின் சில அப்டேட்டுகள் தம்மைத் தாமே பிரித்துக்கொள்ளும் பொட்டலங்களாக வருகின்றன. பிரித்துப் போட ஓர் இடம் வேண்டும். எந்த டிரைவில் காலி இடம் அதிகமோ அங்கே ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்கிக்கொள்கின்றன. உங்கள் எஸ்எஸ்டி (புதிதாகப் போட்ட டிஸ்க், அதுதான் இப்போது சி டிரைவ்) சின்னதாக இருக்கும், பழைய டிஸ்க்கில் இடம் தாராளம். அதனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டன. யூஎஸ்பியில் செருகிய வெளி டிஸ்க்கில்கூட இவை முளைப்பது உண்டு. வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டர் தானாகவே அழிய வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலோ, யாராவது பிளக்கைப் பிடுங்கினாலோ, ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டாலோ அது அப்படியே நின்றுவிடும். நம் பினாங்கில் சாயங்காலம் இடி இடித்தால் முதல் வேலையே பிளக்கைக் கழற்றுவதுதானே. மின்னலுக்கு அது சரியான பாதுகாப்பு, கழற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் விழும்.

இந்த ஃபோல்டர்களை அடையாளம் காண எளிய வழி ஒன்று இருக்கிறது. பெயரைக் கூர்ந்து பாருங்கள். 0 முதல் 9 வரை எண்களும், ஆங்கில எழுத்துகளில் முதல் ஆறும் (ஏ முதல் எஃப் வரை) மட்டும் இருக்கும். ஜி, எம், எஸ் என்று வேறு எழுத்து ஒன்று வந்தாலும் அது நான் சொல்லும் வகை அல்ல, தொடாதீர்கள். பெயர் சரியாக இருந்தால் ஃபோல்டரைத் திறங்கள். அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். ‘கன்டினியூ’ அழுத்துங்கள். உள்ளே ‘எம்ஆர்டி ஸ்டப்’ (mrtstub) என்று ஒரு கோப்பு இருந்தால், அது மைக்ரோசாஃப்டின் தீநிரல் நீக்கும் கருவி விட்டுச் சென்றது. அந்தக் கருவி 2005 ஜனவரி முதல் அப்டேட்டுகளோடு வந்துகொண்டிருக்கிறது. வைரஸைத் தேடி அழிக்க வந்த கருவியின் மிச்சத்தைக் காட்டித்தான் உங்களிடம் வைரஸ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். வலது கிளிக் செய்து ‘புராப்பர்டீஸ்’ போங்கள். அதில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கத்தில் மைக்ரோசாஃப்டின் பெயர் இருக்க வேண்டும். அப்புறம் ஃபோல்டரின் மேலேயே வலது கிளிக் செய்து, விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். காசு கிடையாது. கடைக்காரர் செய்திருக்க வேண்டிய பரிசோதனை இவ்வளவுதான். அதைச் செய்யாமல் பெயரைப் பார்த்தே வைரஸ் என்று சொன்னவரை நம்ப வேண்டியதில்லை.

இனி அழிக்கும் வேலை. முதலில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காத்திருந்தால் செய்துவிடுங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் அந்த ஃபோல்டரை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ரீஸ்டார்ட் ஆனதும் பாதி ஃபோல்டர்கள் தாமே மறைந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். மிஞ்சியவற்றின் தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் சாதாரணமாக டெலீட் செய்யலாம்.

அப்போதும் அனுமதி மறுத்தால், அந்த ஃபோல்டரை விண்டோஸ் தன் சொந்தப் பெயரில் உருவாக்கியிருக்கிறது என்று பொருள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஃபோல்டரில் வலது கிளிக், ‘புராப்பர்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’. மேலே ‘ஓனர்’ என்ற வரியின் பக்கத்தில் ‘சேஞ்ச்’ இருக்கும். அதை அழுத்தி, விண்டோஸில் நீங்கள் நுழையும் பெயரை எழுதி, ‘செக் நேம்ஸ்’ அழுத்தினால் அது அடிக்கோடிட்டு வரும். ஓகே கொடுத்ததும், உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையை மாற்றவா என்று ஒரு சின்னக் கட்டம் தோன்றும், அதில் டிக் செய்யுங்கள். முழு அனுமதி தரவா என்று கேட்டால் ‘யெஸ்’. பிறகு டெலீட் செய்யுங்கள், போய்விடும். இதை ஒவ்வொரு ஃபோல்டராகச் செய்யுங்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று டி டிரைவ் முழுவதற்கும் உரிமையை மாற்றாதீர்கள். அதில் விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு, அவற்றின் அனுமதியைக் குலைத்தால் திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு.

இவ்வளவு வேலையை ஓர் ஆசிரியை ஏன் செய்ய வேண்டும் என்று எனக்கே கோபம் வருகிறது. அப்டேட்டை அனுப்பியது மைக்ரோசாஃப்ட், ஃபோல்டரை உருவாக்கியது அவர்கள் நிரல், பூட்டியதும் அதுவே. ‘இது அப்டேட்டின் தற்காலிக ஃபோல்டர், அழிக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிய கோப்பை உள்ளே போட்டிருந்தால் போதாதா? இத்தனை ஆண்டுகளாக இந்தப் புரியாத பெயர்கள் மாறவே இல்லை. அந்த மௌனத்தில்தான் சில கடைகள் காசு பார்க்கின்றன.

‘கிளீனர்’ மென்பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஃபோல்டரின் பெயரை இணையத்தில் தேடினால் முதல் வரிசையிலேயே “ஒரே கிளிக்கில் சுத்தம்” என்று ஒன்று வரும். இறக்காதீர்கள். இலவசமாக ஸ்கேன் செய்து நூற்றுக்கணக்கில் ‘பிழைகள்’ இருப்பதாகச் சிவப்பில் காட்டும், சரிசெய்யக் காசு கேட்கும். வலது கிளிக் பட்டியலில் உரிமை மாற்றும் வசதியைச் சேர்க்கிறோம் என்று வரும் சின்னச் சின்னக் கோப்புகளும் வேண்டாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஒன்று இருக்கும், பார்க்கப் பெரிதாகத் தெரியும். இடம் வேண்டும் என்று அதில் கைவைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை அழித்தால் பிற்பாடு மென்பொருள்களை நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. டி டிரைவில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’, ‘விண்டோஸ் ஆப்ஸ்’ என்ற பெயர்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

இப்போது பழைய விண்டோஸ் ஃபோல்டருக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். அவசரத்தில் பலர் கழற்றுவதில்லை. அப்போது விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஏறிக்கொள்ளும், ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்புகளை மட்டும் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சிறு ஒளிவுப் பகுதியில் எழுதிவிடும். கணினி நன்றாகவே ஓடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. பழைய டிஸ்க்கை அடியோடு ஃபார்மெட் செய்யும் அன்று, அல்லது கழற்றும் அன்று, கணினி எழவே எழாது. எஸ்எஸ்டி கெட்டுப்போச்சு, புதிது வாங்குங்கள் என்று அடுத்த பில் வரும். கெட்டது எஸ்எஸ்டி அல்ல.

உங்கள் கணினி எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். கீழே ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று இரண்டு வரிசைகள் தெரியும். ஒவ்வொரு வரிசையும் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். சி டிரைவ் இருக்கும் வரிசையில் ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியாக இருந்தால் அந்தப் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டத்தில் ‘சிஸ்டம்’ என்ற சொல் இருக்கும். ‘பூட்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தத் திரையில் ‘பூட்’ என்பது இப்போது ஓடும் விண்டோஸ் இருக்கும் இடம், கணினியைத் தொடக்கிவைக்கும் இடம் ‘சிஸ்டம்’. தலைகீழாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் சி வரிசையில் இல்லாமல் டி வரிசையில் மட்டும் இருந்தால், உங்கள் கணினி பழைய டிஸ்க்கை நம்பித்தான் எழுகிறது. இரண்டு வரிசையிலும் இருந்தால், கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழைய டிஸ்க்கின் கேபிளை எடுத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். எழுந்தால் கவலையில்லை. பெட்டியைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

இதனால் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழிக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. நான் சொன்ன ஒளிவுப் பகுதி வேறு, டி டிரைவைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர் வேறு. இப்போது ஓடும் விண்டோஸ் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது உறுதியானால், டி டிரைவில் கிடக்கும் பழைய ‘விண்டோஸ்’ ஃபோல்டரை மேலே சொன்ன அதே முறையில் உரிமை மாற்றி நீக்கலாம். பக்கத்தில் இருக்கும் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை மட்டும் தொடாதீர்கள். பழைய கணினியின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளின் படங்கள் பெரும்பாலும் அங்கேதான். எதையும் அழிப்பதற்கு முன்னால் அவற்றை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மனத்தில் வையுங்கள். எண்ணெழுத்து ஃபோல்டர்கள் பெரும்பாலும் சிறியவைதான். பழைய விண்டோஸ் ஃபோல்டர் மட்டும் பல ஜிபி. இடம் போதவில்லை என்பது கவலையானால், செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ போய், மற்ற டிரைவ்களில் இடம் எதற்குப் போகிறது என்ற பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் வீடியோக்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

எப்போதாவது கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், அவர்கள் நீட்டும் வேலைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தரவு அழிந்தால் கடை பொறுப்பல்ல என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ‘ஃபார்மெட் செய்யக் கூடாது, டி டிரைவைத் தொடக் கூடாது’ என்று உங்கள் கையாலேயே அதில் எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். அப்படி எழுதியும் அழித்துவிட்டார்கள் என்றால் நம் நாட்டில் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமான வழி இருந்தும், ‘போனது போகட்டும்’ என்று நம் ஆட்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு கடை வாடிக்கையாளரின் கல்யாணப் படங்களை அழித்துவிட்டு, ‘வைரஸ் தின்றுவிட்டது’ என்று சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். தெரியாமல் இப்படி நடந்துவிட்டால், அந்த டிஸ்க்கில் அதற்கு மேல் எதையும் எழுதாமல் உடனே கழற்றி வையுங்கள். மேலோட்டமாக ஃபார்மெட் செய்த சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்க வாய்ப்பு உண்டு. மேலே புது விண்டோஸ் போட்டுவிட்டால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

இந்த ஃபோல்டர்கள் மீண்டும் வரலாம். மாதாந்தர அப்டேட் அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகிறது, நமக்கு அது புதன் விடிகாலை. அந்த வாரத்தில் கணினியை ஓர் இரவு முழுதாக ஓடவிட்டு, காலையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒன்று முளைத்தால், முன்பு போலவே பெயரையும் தேதியையும் பார்த்து அழித்துவிடுங்கள், அப்புறம் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அது வரை இடம் திரும்பக் கிடைக்காது.